புழுங்கல் அரிசியும் பூட்டிய கட்டுரையும்

பட்டம் வாங்கிய கொஞ்ச நாளிலேயே என் பல்கலைக்கழக நூலகக் கணக்கு மூடிவிட்டது. நாலு வருஷமாக எந்த ஆய்வுக்கட்டுரையையும் நினைத்தபோது இறக்கிப் படித்தவன் நான். அதற்கெல்லாம் விலை உண்டு என்பதே தெரியாது. போன வருஷம் பெரிபெரி நோயைப் பற்றித் தேடியபோதுதான் உறைத்தது. 1907இல் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை. சோதனை நடந்தது கோலாலம்பூரில். நம்ம ஊர்க் கதை, நூறு வருஷம் தாண்டிவிட்டது. திரை என்னவோ பணத்தைக் கட்டு என்கிறது.

பெரிபெரி ஏன்? பாட்டிதான் காரணம். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். வீட்டில் என்றைக்கும் புழுங்கல் அரிசிதான். "அதான்டா உடம்புல நிக்கும்" என்பார். நான் சிரித்திருக்கிறேன்.

அன்றைய மலாயாவில் ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் அவரவர் சோற்றைப் பார்த்தார். சீனர்கள் தின்றது நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. கிராமத்து மலாய்க்காரர்கள் தின்றது வீட்டில் குத்திய அரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல். 1907இல் பெரிய புத்தகமே போட்டார். ஆனால் வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று நினைத்துவிட்டார். பாதிதான் சரி.

பிளெட்சர் என்ற மருத்துவர் 1905 கடைசியில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணினார். ஒற்றைப்படைக்கு சயாம் வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்கு இந்தியப் புழுங்கல். கட்டடம்தான் காரணமோ என்று நடுவில் இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றியும் பார்த்தார். பொறியாளனாக எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. அப்புறம் எண்ணிக்கையைப் பார்த்தேன். வெள்ளை அரிசிக் கூட்டத்தில் 18 பேர் பெரிபெரியால் செத்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவர்கூட இல்லை. எதைத் தின்பது என்று அரசே முடிவு செய்யக்கூடிய மனிதர்கள் அவர்கள்.

பிறகு பிரேசரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவாக்காரர்களிடம் சோதித்து, நஞ்சு இல்லை, தீட்டும்போது ஏதோ ஒன்று போய்விடுகிறது என்று காட்டினார்கள். அந்த ஏதோ ஒன்று வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடும். அதற்குப் பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி உள்ளேயே தங்கும்.

2002இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கைதான் ஆய்வுகளைத் திறந்துவிட வேண்டும் என்ற இயக்கத்துக்குப் பெயர் கொடுத்தது. பணம், சட்டம், தொழில்நுட்பம் ஆகிய தடைகள் கூடாது என்கிறது. மொழி அந்தப் பட்டியலில் இல்லை. காப்புரிமை காலாவதியான பிராடனின் புத்தகம் இன்று இணையத்தில் இலவசம். அதில் தமிழர்கள் அடிக்கடி வருகிறார்கள், சான்றாக. அதைப் படிக்கும் ஆளாக யாரும் அவர்களை நினைத்து எழுதவில்லை. பாட்டியைப் பொறுத்தவரை அந்தப் புத்தகம் இன்னமும் பூட்டித்தான் கிடக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சில பக்கங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். புழுங்கல் அரிசியை வெள்ளைக்காரன் புகழ்ந்ததைக் கேட்டு பூரித்துப்போவார் என்று எதிர்பார்த்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

"அப்ப பக்கத்துலயே இருந்த சீனவங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லலயாடா?"

அதற்கான பக்கத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.