போர் ட்வெண்டி: ஒரு வசைச் சொல் வந்த வழி

முகத்துவாரத்தில் நான் இருக்கும் ஒழுங்கையில் ஒரு அம்மா இருக்கிறார். போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்தவர். மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஒருவரை நம்பி, நகையை அடகு வைத்துக் காசு கொடுத்தார். இப்போது அந்த ஆளின் தொலைபேசி வேலை செய்வதில்லை. "அவன் சரியான போர் ட்வெண்டி" என்றது ஒழுங்கைச் சனம். அம்மாவோ, "அவன் என்னைப் பேய்க்காட்டிப் போட்டான், நான்தானே பேய்த்தனமாக் குடுத்தனான்" என்றார்.

இரண்டு சொற்களும் ஒரே ஆளைப் பற்றியவைதான். ஆனால் பாரம் விழும் இடம் வேறு.

போர் ட்வெண்டி என்பது 420. பிரித்தானியர் 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு, ஒருவரை ஏமாற்றி அவருடைய பொருளைக் கையளிக்க வைப்பதைக் குற்றமாக்கியது. தண்டனை ஏழு ஆண்டு வரை சிறை. பொலிஸ் நிலையத்து இலக்கம் நாளடைவில் சனத்தின் வாயில் வசையானது. 1955இல் ராஜ் கபூரின் 'ஸ்ரீ 420', 1997இல் கமல்ஹாசனின் 'சாச்சி 420' என்று படப் பெயர்களிலும் ஏறியது. 2024 யூலை 1 முதல் இந்தியாவில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, அந்தக் குற்றம் 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. வசை மட்டும் பழைய இலக்கத்திலேயே நிற்கிறது.

இலங்கையில் அந்த இலக்கம் ஒருபோதும் ஏமாற்றைக் குறித்ததில்லை. இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி 1883இல் வந்த நமது தண்டனைச் சட்டக்கோவையில் ஏமாற்றுக்கு வரைவிலக்கணம் தருவது 398ஆம் பிரிவு. இந்திய 420க்கு இணையானது 403.

கடனைத் திருப்பித் தராதவர் எல்லோரும் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார்கள். காசு வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. அதனால் வங்கிச் சிட்டை, குறுஞ்செய்தி, குரல் பதிவு எதையும் அழிக்கக் கூடாது.

'பேய்க்காட்டுதல்' எங்கள் பேச்சுச் சொல். பேயன் என்றால் முட்டாள். அந்தச் சொல்லில் ஏமாந்தவர்தான் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. வெட்கப்பட்டவர் பொலிசுக்குப் போவதில்லை. ஏமாற்றியவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.

போன கிழமை அம்மாவும் நானும் முறைப்பாடு எழுத உட்கார்ந்தோம். வசை எதுவும் எழுதவில்லை. கொடுத்த தொகை, திகதி, அந்த ஆள் சொன்ன பொய் மூன்றையும் எழுதினோம். வாசித்துப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "இதில என்ர பிழை எண்டு ஒண்டும் இல்லையே, தம்பி?"

இல்லை, அம்மா.