மண்ணில் விளையாடும் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி அதிகமா?



பட்டணத்திலிருந்து பேரப்பிள்ளை லீவுக்கு வருகிறான். களத்துமேட்டில் கொஞ்ச நேரம் ஓடினால் போதும், தும்மல், கண் அரிப்பு, ராத்திரி இழுப்பு. நம் வீட்டுப் பிள்ளையோ கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு புரள்கிறது, ஒன்றும் ஆவதில்லை. உடனே திண்ணையில் ஒரு பெரியவர், "பொத்திப் பொத்தி வளர்த்தா இப்படித்தான். அழுக்குல வளர்ந்தவனுக்கு நோயே வராது" என்கிறார். இந்தப் பேச்சில் பாதி உண்மை, பாதி ஆபத்து. எது எந்தப் பாதி என்று இன்று பார்ப்போம்.

இந்தக் கேள்விக்கு 200 வருஷ வயது. 1819-ல் லண்டனில் ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர், கோடை வந்தால் தனக்கு வரும் தும்மலையும் கண்ணீரையும் பற்றி எழுதிவைத்தார். பிறகு இதே தொல்லை உள்ளவர்களைத் தேடிப் பார்த்தார். வசதியான குடும்பங்களில்தான் கிடைத்தார்கள். ஏழைகளில் ஒருவர்கூட அகப்படவில்லை. 1873-ல் மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி, புல்லின் மகரந்தத்தூள்தான் இதற்குக் காரணம் என்று தன் உடம்பிலேயே சோதித்துச் சொன்னார். அவரை ஒரு விஷயம் குழப்பியது. மகரந்தத்தூளில் நாள் முழுக்க நிற்பவன் விவசாயி. அவனுக்கு இந்த நோய் வருவது அபூர்வம்! அது ஏன்?

விடைக்கு ஒரு நுனி 1989-ல் கிடைத்தது. 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 பிரிட்டிஷ் குழந்தைகளின் விவரங்களை டேவிட் ஸ்டிராச்சன் ஆராய்ந்தார். அண்ணன், அக்கா அதிகமுள்ள பிள்ளைகளுக்கு இந்தத் தும்மல் நோய் குறைவாக இருந்தது. மூத்த பிள்ளைகள் கொண்டுவரும் சின்னச் சின்னத் தொற்றுகள், இளைய பிள்ளையின் உடம்பைப் பழக்கிவிடுகின்றனவோ என்று அவர் கேட்டார்.

பிறகு ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துக் கிராமங்களில், அதாவது சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, தெற்கு ஜெர்மனி நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. ஒரே ஊரில் இருந்தாலும், மாட்டுத் தொழுவத்தோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் குறைவு. பிறந்த முதல் வருஷத்திலேயே தொழுவத்துப் பக்கம் இருந்த பிள்ளைக்குப் பலன் இன்னும் அதிகம்.

2016-ல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாய சமூகங்கள். இரண்டும் ஐரோப்பாவிலிருந்து குடிபோனவை, பெரிய குடும்பங்கள், சாப்பாடும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆமிஷ்காரர்கள் குதிரை கட்டி உழுபவர்கள். தொழுவம் வீட்டை ஒட்டியே இருக்கும். ஹட்டரைட்காரர்களின் பண்ணை பெரிய இயந்திரப் பண்ணை. வீட்டுக்குத் தள்ளி இருக்கும். ஆமிஷ் பிள்ளைகளில் 100-க்கு 5 பேருக்கு ஆஸ்துமா. ஹட்டரைட் பிள்ளைகளில் 100-க்கு 21 பேருக்கு. ஆமிஷ் வீட்டுத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டுப் பார்த்தபோது, அந்த எலிகளுக்கு ஆஸ்துமா போன்ற நோய் வருவது தடைப்பட்டது.

இதை நம் கண்ணெதிரே உள்ள நாயை வைத்துப் புரிந்துகொள்ளலாம். தெருவில் நாலு பேரைப் பார்த்து வளர்ந்த நாய்க்கு யார் வேண்டியவர், யார் திருடன் என்று தெரியும். குட்டியிலிருந்தே கட்டிப்போட்டு வளர்த்த நாய், பால்காரரைக் கண்டாலும் பாய்கிறது. அதற்குப் பலம் குறையவில்லை. ஆளைத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒவ்வாமையும் அப்படித்தான். எதிர்ப்புச் சக்தி குறைந்துபோனதால் வருவதல்ல. எதிரியல்லாத மகரந்தத்தூளை எதிரி என்று எண்ணிப் பாய்வதால் வருவது.

இனி ஆபத்தான பாதிக்கு வருவோம். நாய் பழகியதென்றால் வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவோமா? இளம்பிள்ளை வாதத்தின் கதையைக் கேளுங்கள். சுகாதாரம் குறைந்த காலத்தில், தாய் கொடுத்த பாதுகாப்பு உடம்பில் இருக்கும்போதே கைக்குழந்தைக்கு அந்தக் கிருமி வந்து போய்விடும். சுத்தம் பெருகிய ஊர்களில் வயது ஏறியபின் வந்தது, கொள்ளைநோயாக வெடித்தது. 1916-ல் நியூயார்க் நகரில் மட்டும் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். "பார்த்தீர்களா, சுத்தம்தான் கெடுத்தது" என்று சொல்லத் தோன்றும். ஆனால், சுத்தம் குறைந்த நம் நாட்டிலும் ஆயிரமாயிரம் பிள்ளைகள் கால் சூம்பிப்போனார்கள் அல்லவா? அழுக்கு அவர்களைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது 1955 முதல் வந்த தடுப்பு மருந்து. இந்தியாவில் அந்தக் கிருமியால் கடைசிப் பிள்ளை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த ஆமிஷ், ஹட்டரைட் பிள்ளைகளில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டவர்கள்தான். தடுப்பூசியும் தொழுவமும் ஒன்றுக்கொன்று பகையில்லை.

ஆகவே தாய்மார்களே, பிள்ளை வயல் மண்ணில் விளையாடட்டும்; கன்றைத் தடவட்டும். ஆனால் மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு விடாதீர்கள். கொக்கிப்புழு பாதம் வழியாகவே உள்ளே போகும். கக்கூஸ் போய்வந்த பிறகும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். பாலைக் காய்ச்சியே கொடுங்கள். தொப்புளில் சாணமோ சாம்பலோ வைக்கவே வேண்டாம். அது ரணஜன்னியை அழைத்து வரும். மருந்தடித்த வயலில் பிள்ளைகள் இறங்கக்கூடாது. பூஞ்சணம் பிடித்த வைக்கோலை உதறும்போது மூக்கில் துணி கட்டுங்கள். அந்தத் தூசி பெரியவர்களின் நுரையீரலையே கெடுக்கும். பிள்ளைக்கு ஏற்கெனவே இழுப்பு வந்துவிட்டதா? "தொழுவத்தில் விட்டால் சரியாகும்" என்று பரீட்சை பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மண் வேறு, மலம் வேறு. பழக்கம் வேறு, அலட்சியம் வேறு. திண்ணைப் பெரியவரிடமும் இதைச் சொல்லுங்கள். அவர் சொன்னதில் பாதியை நாம் ஒப்புக்கொண்டோம் என்று அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.