இமை தளர்ந்தோருக்கு அஸ்ஸஹ்ராவி இட்ட சூடு



கண்மணி குறையின்றி இருந்தும், மேலிமை தொங்கி விழுவதால் பார்வை மறைபடுவோர் உளர். அறபு வைத்திய நூல்கள் இந்நோயை 'இஸ்திர்காஉல் ஜஃப்ன்', அதாவது இமைத் தளர்ச்சி என்றழைக்கின்றன.

அந்தலூஸின் குர்துபா நகருக்கு அண்மையிலுள்ள மதீனதுஸ் ஸஹ்ராவில் கி.பி. 936 அளவில் பிறந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. முப்பது பாகங்களைக் கொண்ட அவரது 'அத்தஸ்ரீஃப்' கிரந்தத்தின் இறுதிப் பாகம் முழுவதும் சத்திரசிகிச்சை பற்றியதே. இமை தளர்ந்தவருக்குப் பிறை வடிவச் சூட்டுக்கோலால் இமையில் சூடிடலாம். அல்லது புருவத்துக்குச் சற்று மேலே, புருவத்தின் நீளத்துக்குச் சூடிடலாம் என்கிறார். கையை அழுத்தலாகாது, தோலின் மூன்றிலொரு பங்கே வேக வேண்டும் என்றும் எச்சரிக்கிறார். புண் ஆறுகையில் தோல் சுருங்கும், இமையும் உயரும். இமைமயிர் கண்ணுள் குத்தும் நோய்க்கோ, வெட்ட வேண்டிய தோலை 'ஆஸ்' செடியின் இலை வடிவில் மையினால் வரைந்துகொள்ளச் சொல்கிறார்.

எல்லாவற்றையும் நாமே கண்டுபிடித்தோம் என மேடைகளில் முழங்குவோர் நம்மில் உண்டு. அஸ்ஸஹ்ராவியோ தமக்கு முந்திய கிரேக்க வைத்தியர் பவுலிடமிருந்து நிறையவே பெற்றவர். பெற்றதைக் கையால் செய்து பார்த்து, கருவிகளையும் வரைந்து காட்டியதே அவரது சிறப்பாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் துலைத்துலாவில் ஜெரார்ட் என்பவர் அந்நூலை இலத்தீனுக்குப் பெயர்த்தார்.

ஆனால், இமையை உயர்த்துவது தோலன்று. அதனுள்ளே மறைந்திருக்கும் மெல்லிய தசையாகும். அத்தசையைக் குறுக்கித் தைக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் உருவானது. தசைக்குச் சற்றும் வலுவில்லையெனில், தொடையிலிருந்து எடுக்கும் நார்ப்படலத்தால் இமையை நெற்றித்தசையுடன் பிணைப்பர். பின்னர் புருவத்தை உயர்த்தினால் இமையும் உயரும்.

பிறவியிலேயே இமை தொங்கும் குழந்தை நாடியை உயர்த்தி, நெற்றியைச் சுருக்கிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். "வளர வளரச் சரியாகிவிடும்" எனப் பெற்றோர் சிலர் காத்திருக்கின்றனர். கண்மணி மறைபட்டிருந்தால் அக்கண்ணால் காண மூளை பழகுவதில்லை. அதனாலேயே அத்தகைய குழந்தைக்கு வைத்தியர்கள் முதல் வயதிலேயே கூட சத்திரசிகிச்சை செய்கின்றனர். பழகும் பருவம் கடந்தபின் இமையை உயர்த்த முடியும்; இழந்த பார்வையை மீட்பதோ மிக அரிது.