'டிஸ்குளோசர்': வாய் திறக்க வேண்டியது யார்?

காணாமலாக்கப்பட்டோர் பற்றிய ஆங்கில அறிக்கைகளில் 'டிஸ்குளோசர்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். தமிழில் அதை 'வெளிப்படுத்தல்' என்கிறோம். செய்திகளில் 'வெளியிடல்' என்றும், சில வேளை 'அம்பலப்படுத்தல்' என்றும் வரும். மூன்றும் ஒன்றல்ல.

இலத்தீனில் 'மூடு' என்ற வினையிலிருந்து பிறந்த சொல் இது. முன்னால் நிற்கும் 'டிஸ்' அந்த மூடலை நீக்குகிறது. அப்படியென்றால் மூடி வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். 'லீக்' என்பது கசிவு. அனுமதி இல்லாமல் நடப்பது. சட்டம் பேசும் டிஸ்குளோசர் வேறு: தகவலைக் கையில் வைத்திருப்பவர், அதைக் கேட்க உரித்துள்ளவரிடம் கொடுப்பது. அது அவருடைய கடமை.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இந்தச் சொல்லின் மேல் இன்னொரு நிழல் விழுந்திருக்கிறது. தகவல் சொல்வது என்றால் காட்டிக்கொடுப்பது என்று அஞ்சிய காலம் நம்முடையது. முகத்தை மூடிக்கொண்டு வந்த தலையாட்டியை மறந்தவர் யார்? அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயந்தபடியே திரும்பத் திரும்பச் சொன்னவர்கள், ஆட்களை இழந்த குடும்பங்கள்தான்.

1990 செப்டெம்பர் 5 அன்று, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. மட்டக்களப்புக் குடும்பங்கள் 1994இல் அமைந்த ஜனாதிபதி ஆணைக்குழு முன்னும், பின்னர் நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு முன்னும் பெயர், வயது, திகதி, கடைசியாகக் கண்ட இடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. வெளிப்படுத்தல் ஒரு பக்கமாகவே நடந்திருக்கிறது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. அரச நிறுவனம் ஒன்றின் உடைமையில், பொறுப்பில் அல்லது கட்டுப்பாட்டில் உள்ள தகவலை எந்தப் பிரசையும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தேசிய பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக மறுக்க இடமுண்டு. ஆனால் வெளிப்படுத்துவதால் வரும் பொதுநலன், அதனால் வரும் தீங்கை விடப் பெரிதென்றால் கொடுக்கத்தான் வேண்டும் என்கிறது 5(4)ஆம் பிரிவு.

இங்கே ஒரு நுணுக்கம். இந்தச் சட்டம் இருக்கும் பதிவைத் தரும், விளக்கத்தைத் தராது. "என் பிள்ளை எங்கே?" என்று எழுதினால் "எம்மிடம் தகவல் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். இன்ன திகதியில் இன்ன முகாமில் இருந்த தடுத்துவைப்புப் பதிவேட்டின் பிரதி வேண்டும் என்று கேட்டால் அப்படி முடிப்பது கடினம். இல்லையென்றால் அது எங்கு போனது என்று அடுத்த மனுவில் கேட்கலாம்.

2009இல் சரணடைந்தவர்கள் பற்றி 2019இல் இந்தச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, அவர்கள் இராணுவத்திடம் சரணடையவில்லை, அரசாங்கத்திடமே சரணடைந்தார்கள் என்று இராணுவம் பதில் தந்தது. இராணுவம் அரசாங்கத்தில் சேராததா என்று கேட்கத் தோன்றும். ஆனாலும் கையெழுத்தோடு வந்த அந்தப் பதில், யாரிடம் அடுத்துக் கேட்பது என்பதையாவது காட்டியது.

காணாமல் போனோர் அலுவலகத்தைப் பொறுத்தவரை ஒரு விதிவிலக்கு உண்டு. அங்கு இரகசியமாகச் சொல்லப்பட்ட தகவலுக்குத் தகவலுரிமைச் சட்டம் பொருந்தாது. பயந்து பேசும் சாட்சிக்கு இது காப்பு. அதே விதி, குற்றம் செய்தவர் சொல்வதையும் குடும்பத்தின் கண்ணிலிருந்து மறைக்கக்கூடும் என்பதே என் கவலை.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பிறகு ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். எழுத முடியாத தாய்மார் வாயால் சொன்னாலே போதும். அதை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் வேலை.