கண்டனத்திலிருந்து குடியுரிமைக்கு: சிங்கப்பூர்த் தமிழர் சீர்திருத்த இயக்கம்

தன்னைத் திருத்திக்கொள்ள முனையும் ஒரு சமுதாயம் முதலில் தனக்கென ஓர் இதழைத் தொடங்குவதை வரலாற்றில் பலமுறை காண்கிறோம். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தமக்குச் சொந்தமான முதல் செய்தித்தாளை 1827இல் நியூயார்க்கில் நிறுவினர். அடிமை முறையை எதிர்த்து வில்லியம் லாயிட் கேரிசன் 1831இல் பாஸ்டனிலும், அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1847இல் ராச்செஸ்டரிலும் இதழ் நடத்தினர். அச்செழுத்து இயக்கமாயிற்று, இயக்கம் பள்ளியையும் வாக்குரிமையையும் நாடிச் சென்றது.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் சிங்கப்பூர்த் தமிழரும் இத்தகைய பாதையில் நடந்தனர். அங்கிருந்த கொடுமையும் இங்கிருந்த இழிவும் ஒரே அளவினவல்ல. ஆயினும் திருத்தம் எவ்வழியில் நிலைபெறுகிறது என்னும் கேள்வி இரண்டு இடங்களுக்கும் பொதுவானது. அக்கேள்வியை முன்வைத்தே நம் சீர்திருத்த இயக்கத்தின் வரலாற்றை இங்கு நோக்குகிறோம்.

கப்பலில் வந்த வேற்றுமைகள்

1920களின் சிங்கப்பூரில் ‘தமிழர்’ என்ற ஒரே சமுதாயம் இருந்ததாகச் சொல்வது கடினம். துறைமுகத்திலும் நகராட்சியிலும் உழைத்தோர் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். செட்டியார்கள் மார்க்கெட் ஸ்திரீட் கித்தங்கிகளில் வட்டித்தொழில் நடத்தினர். சிராங்கூன் சாலைப் பகுதியில் மாட்டுக் கொட்டகைகளும் சிறுகடைகளும் பெருகியிருந்தன. கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வேரூன்றினர். ஊரும் சாதியும் சமயமும் மக்களோடு கப்பலேறி வந்திருந்தன. உழைத்த கூலியின் ஒரு பகுதி கள்ளுக்கடைக்குச் சென்றது. எஞ்சியது ஊருக்குச் சென்றது. இவ்வூரில் நிலைத்து வாழ்வோம் என்ற எண்ணம் பலருக்கு இல்லை.

இந்நிலையில், 1929 டிசம்பரில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்தார். ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டு, பின்னர் சிங்கப்பூரிலும் உரையாற்றினார். அவர் விதைத்த தன்மான உணர்வு 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கமாக உருப்பெற்றது. திருவாரூரில் பிறந்து, 1924இல் இளைஞராக இங்கு வந்த கோ. சாரங்கபாணி அச்சங்கத்தின் உயிர்நாடியானார்.

சங்கத்தின் முதற்கட்டப் பணி கண்டனமே. சாதி வேற்றுமையைக் கண்டித்தது. கள்ளுக் குடியைக் கண்டித்தது. தீமிதியையும் அலகு குத்திக் காவடி எடுப்பதையும் கண்டித்தது. சடங்குகளற்ற சீர்திருத்தத் திருமணங்களை ஊக்குவித்தது. சாரங்கபாணியே இனவரம்பைக் கடந்து சீனப் பெரனாக்கான் பெண்ணொருவரை மணந்து, சொல்லுக்குச் செயலைச் சான்றாக்கினார். ஆனால் பக்தியுடையோர் புண்பட்டனர்; எதிர்ப்பும் எழுந்தது. தீமிதியும் காவடியும் இன்றளவும் தொடர்கின்றன. கண்டனத்தால் மட்டும் ஒரு சமுதாயத்தை மாற்ற இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முரசு ஒலித்த விதம்

1935 ஜூலை 6ஆம் நாள் தமிழ் முரசு வெளிவந்தது. சங்கத்தின் குரலாக, வார இதழாகத் தொடங்கி, பின்னர் நாளிதழாக வளர்ந்தது. மேடையில் பேசுபவர் ஏற்கெனவே உடன்படுவோரிடமே பெரும்பாலும் பேசுகிறார். நாளிதழோ ஊர்ச்செய்தியையும் வேலைச்செய்தியையும் அறிய விரும்பும் அனைவரிடமும் செல்கிறது. கித்தங்கியில் இருப்பவரும் துறைமுகக் குடியிருப்பில் இருப்பவரும் ஒரே நாளில் ஒரே செய்தியைப் படித்தபோது, ‘நாம்’ என்னும் சொல் புதுப்பொருள் பெறத் தொடங்கியது. சிங்கப்பூரில் தமிழர் ஒன்றுபட்டதற்கு மேடைகளைவிட இந்த அன்றாட வாசிப்பே அடித்தளம் என்று கருதுகிறோம்.

1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சி எல்லாவற்றையும் குலைத்தது. ஆயினும், போருக்குப் பின் இயக்கம் புதிய முகத்துடன் எழுந்தது. பழையதைக் கண்டிப்பதைவிடப் பொதுவான ஒன்றைக் கட்டியெழுப்புவதே அதன் நாட்டமாயிற்று. பொங்கலையொட்டி 1952 முதல் கொண்டாடப்பட்ட தமிழர் திருநாள் இந்த மாற்றத்தின் அடையாளம். இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் என்ற பிரிவின்றி, மொழியால் தமிழர் ஆன அனைவரும் கலையிலும் இலக்கியப் போட்டிகளிலும் கூடினர். தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் பள்ளிப் பிள்ளைகளை எழுத அழைத்தது. பிற்காலத்து எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் பலர் அங்கே எழுதிப் பழகியவர்கள்.

கல்வியும் குடியுரிமையும்

இக்காலத்தின் அரும்பணிகள் இரண்டு. முதலாவது கல்வி. கடையநல்லூர் முஸ்லிம்களின் முயற்சியால் 1946இல் தஞ்சோங் பகாரில் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி தோன்றியது. பின்னர் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அங்கு முதன்மை பெற வேண்டியது சமற்கிருதமா தமிழா என்ற விவாதம் எழுந்தது. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற முழக்கத்தோடு சாரங்கபாணி நிதி திரட்டினார். செல்வர் மட்டுமன்றி எளிய தொழிலாளரும் கொடுத்தனர். பல்கலைக்கழகத்தின் படியையே மிதித்திராதவர்கள் அதன் நூலகத்துக்காகத் தம் கூலியில் ஒரு பங்கை ஈந்தனர். துறையில் தமிழ் இடம்பெற்றது.

இரண்டாவது குடியுரிமை. 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. வெளிநாட்டில் பிறந்து நெடுங்காலம் இங்கு வாழ்ந்தோருக்கும் அது கதவைத் திறந்தது. தாயகத் தொடர்பு அறுந்துவிடுமோ என்று தயங்கியோர் பலர். ‘பதிந்துகொள்ளுங்கள்’ என்று தமிழ் முரசு இடைவிடாது வலியுறுத்தியது. படிவம் நிரப்பத் தெரியாதோருக்குச் சாரங்கபாணியும் அவருடைய தோழர்களும் துணைநின்றனர். சீர்திருத்தம் அதன் உச்சத்தை எட்டியது எந்த மேடையிலும் அல்ல, இந்தப் படிவங்களின் மீதே என்று துணிந்து கூறலாம். பிறர் நாட்டில் கூலிக்கு வந்தவர் தம் நாட்டின் வாக்காளர் ஆனார். 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது, மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதிகாரத்துவ மொழியாகச் சட்டத்தில் இடம்பெற்றது. எண்ணிக்கையில் சிறிய ஒரு மக்களின் மொழிக்கு அந்த இடம் கிடைத்ததற்கு, அவர்கள் அதற்கு முன்பே குடிமக்களாகத் திரண்டிருந்ததும் ஒரு காரணம்.

எஞ்சிய கடன்

வரலாறு எழுதுவோர் வெற்றியை மட்டும் எழுதுதல் தகாது. ‘தமிழர்’ என்ற பொதுப்பெயருக்குள் சாதி மறைந்தது. ஆனால் முற்றும் மாய்ந்ததா என்பதை ஒவ்வொரு குடும்பத்தின் திருமணப் பேச்சும் சொல்லும். இயக்கத்தின் முன்னணியில் நாம் காணும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. மேலும், குடிமக்களான தமிழர் தம் பிள்ளைகளின் எதிர்காலம் கருதி ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடினர். தமிழ்வழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன; எஞ்சியிருந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. அதன் பெயர் இன்று பீட்டி சாலைத் தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது. இயக்கம் தேடித்தந்த உரிமையே அது வளர்த்த பள்ளியை வெறுமையாக்கியதில் ஒரு பங்கு வகித்தது என்பது கசப்பான உண்மை. அதற்காக அப்பெற்றோரைக் குறைகூறுவதும் நேர்மையன்று.

ஆகவே, சட்டத்தில் மொழிக்கு இடம் பெற்றுத் தருவது ஒரு தலைமுறையின் பணி. அவ்விடத்தை வெறுமையாக விடாமல் காப்பது அடுத்தடுத்த தலைமுறைகளின் பணி. ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கச் சட்டம் போதும். உணவு மேசையில் தமிழ் இருக்க வீடு வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வழங்குகிறது. ஏதேனும் ஒரு நாளின் பக்கத்தை மாணவரோடு சேர்ந்து படியுங்கள். தலையங்கத்தோடு நின்றுவிடாமல், விளம்பரங்களையும் வாசகர் கடிதங்களையும் படியுங்கள். தம்மைத் தாமே திருத்திக்கொள்ளத் துணிந்த எளிய மனிதர்களின் குரலை மாணவர் அங்கே கேட்பர். அதன்பின் இன்று நாம் திருத்த வேண்டியது எது என்று அவர்களைக் கேளுங்கள். விடையைத் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள்.