கோட்டு வரிசையும் காவல் துறையும்: அந்தமான், 1942–1945

ஜப்பானியர் ஆக்கிரமித்த நாடுகளின் பள்ளிகளைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. சீன எழுத்துகளையும் அவற்றிலிருந்து பிறந்த ஜப்பானிய எழுத்துகளையும் 'சரியான' கோட்டு வரிசையில், அதாவது கோடுகளை இட வேண்டிய முறைப்படி, எழுதப் பழக்கியது உடலைப் பணியவைக்கும் ஆட்சிக் கருவி என்பது அது. தோக்கியோ இருந்த திசை நோக்கி வணங்கச் செய்ததோடு இதையும் சேர்த்து எண்ணுவது வழக்கம். சிங்கப்பூருக்கு இக்கருத்து ஓரளவு பொருந்தலாம். 1942 மார்ச் 23 முதல் ஜப்பானியக் கடற்படையின் பிடியிலிருந்த அந்தமானுக்கு இதை நீட்டுவதற்கு இடமில்லை.

நான் சார்ந்து நிற்கும் சான்று ஏ. டி. லோகநாதனின் சாட்சியம். தமிழரான இந்த இராணுவ மருத்துவர், சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்து அரசின் தலைமை ஆணையராக 1944 பிப்ரவரியில் போர்ட் பிளேருக்கு வந்தார். 1945 இறுதியில், இந்திய தேசிய இராணுவ அதிகாரிகள் மீதான செங்கோட்டை வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டோரின் (எதிர்த்தரப்பின்) சாட்சியாக நின்றபோது, ஜப்பானியர் காவல் துறையைத் தர மறுத்ததால் முழு நிர்வாகத்தையும் தாம் ஏற்கவில்லை என்றும், தம் கைக்கு வந்தது கல்வித் துறை மட்டுமே என்றும் சொன்னார். போஸின் அரசுக்கு மண் சொந்தமாக இருந்ததா என்ற கேள்விக்கான விடையாகவே இச்சாட்சியம் இதுவரை வாசிக்கப்பட்டுள்ளது. அவ்வாசிப்பில் கல்வித் துறை வெறும் எச்சம். யாரும் விரும்பாததால் மிஞ்சியது.

இதே சாட்சியத்தைப் பள்ளியின் பக்கமிருந்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது. போர்ட் பிளேரில் ஜப்பானிய மொழி கற்பிக்கப்பட்டது. எழுத்துப் பயிற்சிதான் ஆட்சியின் உயிர்நாடி என்றால், அதை நடத்தும் துறையைக் கடற்படை ஓர் இந்தியரிடம் விட்டிருக்குமா? அது இறுகப் பற்றியிருந்தது காவல் துறையை. அதன் காரணம் தேட வேண்டியதில்லை. உளவாளிகள் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1944 ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதம் தீவின் மருத்துவரான திவான் சிங் செல்லுலார் சிறையில் சித்திரவதைக்குப் பின் இறந்தார். தீவை அடக்கி வைத்தது இந்த அச்சம். எழுத்துப் பலகைக்கு அதில் பெரிய பங்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

எதிர்த்தரப்புக்காகச் சொன்ன சாட்சியத்தை எப்படி நம்புவது என்று கேட்கலாம். போஸின் அரசுக்கு நிலப்பரப்பு இருந்தது என நிறுவுவதே எதிர்த்தரப்பின் தேவை. அதைக் குலைக்கும் ஒப்புதலை யாரும் புனைந்து சொல்லமாட்டார்கள். ஒப்படைப்பு பெயரளவுக்குத்தான் என்ற மறுப்பும் நிற்காது. பெயரளவுக்குக்கூட விடாத துறை எது என்பதே இங்கு கேள்வி.

எழுத்தின் இயல்பும் இதற்குத் துணை நிற்கிறது. ஜப்பானிய மொழிக்குக் கத்தகானா, ஹிராகானா என இரு அசையெழுத்து முறைகள் உண்டு. 1941-இன் ஜப்பானிய முதல் வகுப்புப் பாடநூல் கத்தகானாவில்தான் தொடங்கியது. ஹிராகானா முதலிடம் பெற்றது போருக்குப் பிறகே. புதிதாகக் கற்பவர்க்குத் தென்கிழக்காசியாவிலும் முதலில் வந்தது கத்தகானாதான். அதில் 'ஷி', 'த்சு' இரண்டும் இரு சிறு கோடுகளும் ஒரு நீள்கோடும் கொண்டவை. 'ஷி'யின் நீள்கோடு கீழிருந்து மேலேறும். 'த்சு'வினது மேலிருந்து கீழிறங்கும். கை செல்லும் திசை பிசகினால் ஓர் எழுத்து மற்றொன்றாகிவிடும். இங்கே கோட்டு வரிசை படிப்பவர் குழம்பாமலிருக்கச் செய்த ஏற்பாடு. பணிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சீன எழுத்துகளுக்கு வருவோம். 'ஒரே சரியான வரிசை' என்ற அரசு ஏற்பாடே அன்று ஜப்பானில் இல்லை. கல்வி அமைச்சகத்தின் கோட்டு வரிசைக் கையேடு 1958-இல்தான் வந்தது. 881 எழுத்துகளுக்கு வரிசை வகுத்த அக்கையேடும், வழக்கிலுள்ள பிற வரிசைகளைப் பிழையென ஒதுக்கவில்லை என்று தானே சொல்லிக்கொண்டது. வயலைக் குறிக்கும் எழுத்தின் உள்ளே ஜப்பானியர் நெடுங்கோட்டை முதலில் இடுவர். சீனாவின் இன்றைய விதி குறுக்குக்கோட்டை முன்னே வைக்கிறது. 1958-இன் ஒழுங்கை 1943-இன் வகுப்பறையில் ஏற்றிப் பார்ப்பது காலப்பிழை.

ஆசிரியரின் பிரம்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரம்பு அன்று எல்லா வகுப்பறையிலும் இருந்தது. ஆனால் ஆக்கிரமிப்பு ஆட்சியைப் பள்ளி நோட்டில் தேடும் ஆய்வுமுறை, தன் கோட்பாட்டைச் சோதிக்க அந்தமானைவிடக் கடினமான களத்தைக் காண்பது அரிது. இங்கே எழுத்தும் காவலும் தனித்தனியே பேரத்துக்கு வந்தன. ஆண்டவர்கள் எதை விட்டார்கள், எதை விடவில்லை என்பது நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது.