டிராகன் குவெஸ்ட்: இருபது எழுத்துகளுக்குள் ஓர் உலகம்

ஓசாகாவில் சில ஆண்டுகள் பணிபுரிந்து திரும்பிய என் பழைய மாணவர் ஒருவர், கோடை விடுமுறையில் என்னைக் காண வந்திருந்தார். அங்கே பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் வாங்கியதாகச் சொல்லி ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டியைக் காட்டினார். உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் கேட்ரிட்ஜ், ஒரு சிறு கையேடு, இரண்டுக்கும் இடையே நான்காக மடித்த நோட்டுத்தாள். தாளில் பிள்ளைக் கையெழுத்தில் சில ஜப்பானிய எழுத்துகள், இடம் விட்டு நான்கு கூறுகளாக எழுதப்பட்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று.

எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆனால் ஐந்து-ஏழு-ஐந்து என்ற கணக்கு, ஹைக்கூவைப் பற்றி வகுப்பில் ஒருமுறையேனும் பேசியவர்களுக்குத் தெரிந்ததுதான். “பிள்ளை எழுதிய ஹைக்கூவா? கடைசி மூன்று ஏன் மிகுதியாக இருக்கிறது?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “கவிதை இல்லை ஐயா. இதற்குப் பொருளே கிடையாது. ஆனால் இந்தத் தாள் தொலைந்திருந்தால் அந்தப் பிள்ளையின் ஒரு மாத உழைப்பு போயிருக்கும்” என்றார்.

இலக்கியம் பேசுமிடத்தில் வீடியோ விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அன்றுவரை நானும் அப்படிக் கேட்டவன்தான். அந்தத் தாளின் வழியாகத் தேடத் தொடங்கியபோது, எதிர்பாராத விதமாக ஓர் எழுத்தாளனின் கதை கிடைத்தது.

அந்த எழுத்தாளர் யூஜி ஹோரி. 1954இல் அவாஜித் தீவில் பிறந்தவர். தோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்தில் இலக்கியத் துறை மாணவர். அங்கே மாங்கா எனப்படும் சித்திரக்கதை மன்றத்தில் சேர்ந்தார். பின்பு பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். மாங்கா ஆசிரியராக வேண்டுமென்ற ஆசை நிறைவேறவில்லை. 1982இல் எனிக்ஸ் என்ற நிறுவனம் கணினி விளையாட்டுப் போட்டியொன்றை அறிவித்தது. வீட்டுமனை விளம்பரத் தொழிலிலிருந்து கணினிப் பக்கம் திரும்பிய நிறுவனம் அது. தானே நிரல் எழுதக் கற்றிருந்த ஹோரி ஒரு டென்னிஸ் ஆட்டத்தை அனுப்பிப் பரிசு பெற்றார். அதே போட்டியில் பரிசு பெற்ற இன்னொருவர் பள்ளி மாணவரான கோயிச்சி நகாமுரா. வென்றவர்களை நிறுவனம் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றது. அங்கே நடந்த ஆப்பிள் கணினிக் கண்காட்சியில்தான் ‘விசார்ட்ரி’ என்ற ஆட்டத்தை இவர்கள் கண்டார்கள்.

1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமேற்றுக் கதை வளர்க்கும் ஆட்டம். அதைக் கணினிக்குள் கொண்டுவந்தவை 1981இல் வெளியான ‘விசார்ட்ரி’யும் ‘அல்டிமா’வும். இரண்டும் கடினமானவை, பொறுமையும் விசைப்பலகையும் கேட்பவை. ஹோரி அவற்றில் மயங்கினார். ஆனால் ஜப்பானில் அன்று வீடுதோறும் புகுந்துகொண்டிருந்தது கணினியன்று. நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபாமிகாம் என்ற விளையாட்டுக் கருவி. அதில் விசைப்பலகை இல்லை. நான்கு திசைகளைக் காட்டும் ஒரு சிலுவைக் குமிழும் சில பொத்தான்களும் மட்டுமே. அதை வைத்து விளையாடியவர்கள் சிறுவர்கள்.

ஹோரி இதற்கு முன்பே துப்பறியும் ஆட்டங்களை எழுதியிருந்தார். 1983இல் வந்த ‘போர்ட்டோபியா தொடர்கொலை வழக்கு’ என்ற ஆட்டத்தில், விளையாடுபவர் என்ன செய்ய வேண்டுமென்பதைச் சொற்களாகத் தட்டச்சு செய்தாக வேண்டும். அந்தச் சொல் கணினிக்குத் தெரியாததாக இருந்தால் கதை நகராது. அடுத்த ஆண்டின் ஆட்டத்தில் அவர் இம்முறையைக் கைவிட்டு, செய்யக்கூடிய செயல்களை ஒரு பட்டியலாகத் திரையில் வைத்தார். தேர்ந்தெடுத்தால் போதும். பேசு, ஆராய், எடு என்று வினைச்சொற்களின் சிறு அகராதி. இந்தப் பட்டியலே பிறகு டிராகன் குவெஸ்டின் முதுகெலும்பாயிற்று.

1986 மே 27 அன்று முதல் டிராகன் குவெஸ்ட் வெளிவந்தது. கதையும் அமைப்பும் ஹோரி. நிரலாக்கம் நகாமுராவின் சுன்சாஃப்ட் நிறுவனம். உருவங்கள் ‘டிராகன் பால்’ வரைந்த அகிரா தோரியாமா. இசை கோயிச்சி சுகியாமா. கேட்ரிட்ஜின் கொள்ளளவு 64 கிலோபைட். நாடு, நகரங்கள், குகைகள், அரக்கர்கள், இசை, அத்தனை பேரின் பேச்சு எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

எழுத்துக்கே இடமில்லை என்பதுதான் எனக்கு வியப்பளித்த செய்தி. ஜப்பானியத்தில் கட்டகனா என்றொரு எழுத்துவரிசை உண்டு. அயற்பெயர்களை அதில்தான் எழுதுவார்கள். அந்த வரிசை முழுவதையும் வைக்க நினைவகம் போதவில்லை. எனவே இருபது கட்டகனா எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அரக்கர், ஊர், மந்திரம் என அயலொலி தேவைப்படும் பெயர்கள் எல்லாம் அந்த இருபதுக்குள்ளேயே பிறந்தாக வேண்டும். ஒலியை மாற்ற மேலே இடும் இரட்டைக்கோடு ஒன்று மட்டும் கைகொடுத்தது: ‘தோ’ ‘டோ’வாகும், ‘கி’ (க்+இ) வல்லொலி மெலிந்து வேறொன்றாகும். (ஒரே ககரத்தை இடத்திற்கேற்ப ஒலிக்கும் நமக்கு அந்தக் கோடும் தேவைப்பட்டிராது.) ஹோய்மி என்றால் காயம் ஆறும், ரூரா என்றால் அரண்மனைக்குத் திரும்பலாம், ராரிஹோ என்றால் எதிரி உறங்குவான். பத்தே மந்திரங்கள். எந்த மொழியிலும் இல்லாத, ஆனால் வாயில் வைத்தவுடன் உருளும் இச்சொற்கள் ஒரு தலைமுறையின் நாவில் நிலைத்துவிட்டன. பஞ்சத்தில் பிறந்த சொற்கள் என்று கேட்டால் நம்ப முடியாது.

பேச்சும் அப்படித்தான். ஊரில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வரிகளே வாய்க்கும். அதற்குள் அவர் யாரென்றும் தெரியவேண்டும், ஒரு தகவலும் கிடைக்கவேண்டும், முடிந்தால் புன்னகையும் வரவேண்டும். சித்திரக்கதையின் பேச்சுக்குமிழுக்கு எழுதப் பழகியவரின் கை இங்கே தெரிகிறது. நாயகன் மட்டும் பேசுவதில்லை. அவன் பெயரை நாமே நான்கெழுத்துக்குள் இடவேண்டும். மற்றவர்கள் பேசுவது அவனோடன்று, நம்மோடு.

தொடக்கக் காட்சியை நான் மிகவும் மதிக்கிறேன். அரசன் முன் நிற்கும் நாயகனால் உடனே வெளியேற முடியாது; அறை பூட்டியிருக்கிறது. அங்குள்ள பெட்டிகளைத் திறந்து சாவியை எடுத்து, கதவைத் திறந்து, படியிறங்கினால்தான் உலகம். அதற்குள் பட்டியலிலுள்ள முக்கியமான வினைகளைச் சிறுவன் செய்து பழகியிருப்பான். கையேட்டைப் படிக்காத பிள்ளைக்கும் பாடம் நடந்துவிட்டது. வெளியே வந்ததும் நீருக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில், இறுதி எதிரியின் கோட்டை தெரிகிறது. ஆனால் அங்கே போய்ச்சேர உலகையே சுற்றிவர வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பாடத்தைத் தொடங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இனி அந்த நோட்டுத்தாள். முதல் ஆட்டத்தின் கேட்ரிட்ஜில் விளையாடியவரின் முன்னேற்றத்தைப் பதிந்து வைக்க வழியில்லை. மின்சாரத்தை அணைத்தால் எல்லாம் மறையும். ஆகவே நாயகனின் பெயர், அனுபவம், பொன், ஆயுதம் எல்லாவற்றையும் இருபது எழுத்துகளாகச் சுருக்கி அரசன் சொல்வான். அதன் பெயர் ‘மீட்பு மந்திரம்’. அதை எழுதிவைத்துக்கொண்டு மறுநாள் உள்ளிட வேண்டும். வாசிக்கவும் நினைவில் வைக்கவும் எளிதாக இருக்க ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று என்று பிரித்தார்கள். ஜப்பானியச் செவிக்கு அந்த அளவு தாய்ப்பாலோடு வந்தது. பாஷோவின் புகழ்பெற்ற தவளைக் கவிதையை அப்படியே உள்ளிட்டு, எஞ்சிய மூன்றிடங்களில் அவர் பெயரின் சாயலுள்ள மூன்றெழுத்தைச் சேர்த்தால் அதையும் ஆட்டம் செல்லுபடியான மந்திரமாக ஏற்றுக்கொள்கிறது என்பதை ரசிகர்கள் பின்னர் கண்டுபிடித்தார்கள். தற்செயல்தான், ஆனாலும் அழகான தற்செயல்.

அழகு ஒருபுறமிருக்க, ஓரெழுத்து தவறினால் எல்லாம் போயிற்று. 1987 ஜனவரியில் வந்த இரண்டாம் ஆட்டத்தில் மூவர் கூடிப் பயணம் செய்ததால் மந்திரம் ஐம்பத்திரண்டு எழுத்துகள்வரை நீண்டது. தொலைக்காட்சித் திரையின் மங்கலில் ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துகளை மாற்றியெழுதிவிட்டு அழுத பிள்ளைகள் எத்தனை பேரோ.

1988 பிப்ரவரி 10 அன்று வந்த மூன்றாம் ஆட்டம் கேட்ரிட்ஜுக்குள் ஒரு மின்கலத்தை வைத்து இத்துன்பத்தை நீக்கியது. வேறொரு துன்பத்தைக் கொண்டுவந்தது. மின்கலப் பதிவு சில நேரம் தானாகவே அழிந்துபோகும். அப்போது ஓர் அச்சமூட்டும் இசைத்துணுக்கோடு, வருந்தத்தக்க செய்தியாக, பயண நூல் அழிந்துவிட்டதென்று திரை அறிவிக்கும். முன்பு தவறு எழுதியவனுடையது. இப்போது யாருடையதும் அன்று. எது கொடியது என்று சொல்வது கடினம்.

மூன்றாம் ஆட்டம் வெளியான நாள் புதன்கிழமை. கடைகளின் முன் நெடிய வரிசைகள். பள்ளிக்குப் போகாமல் நின்ற பிள்ளைகள். இதனால் வேலைநாளில் டிராகன் குவெஸ்ட் வெளியிடக்கூடாதென்று ஜப்பானில் சட்டமே இயற்றப்பட்டதாக ஒரு கதை உலகெங்கும் உலவுகிறது. அப்படியொரு சட்டம் இல்லை. நிறுவனம் தானாகவே அடுத்தடுத்த பாகங்களை ஞாயிறு, சனிக்கிழமைகளுக்கு மாற்றிக்கொண்டது.

கதையளவிலும் மூன்றாவது முக்கியமானது. முதல் ஆட்டத்தின் நாயகன் லோத்தோ என்ற பழம்பெரும் வீரனின் வழித்தோன்றல். மூன்றாம் ஆட்டத்தின் முடிவில்தான், இதுவரை நாம் நடத்திவந்த பெயரற்றவனுக்கே அந்த லோத்தோ என்ற பட்டம் சூட்டப்படுகிறது. மூன்றாவது கதைதான் முதலில் நிகழ்ந்தது என்பது விளங்குகிறது. இதற்கெல்லாம் இடம் வேண்டி, முகப்புத் திரையின் படத்தையும் இசையையும் நீக்கிவிட்டுக் கருந்திரையில் பெயரை மட்டும் வைத்தார்கள்.

1989இல் இது ‘டிராகன் வாரியர்’ என்ற பெயரில் அமெரிக்கா சென்றது. ஹோரியின் எளிய பேச்சுநடையை ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலமாக மாற்றிவிட்டார்கள். நம் பழைய புராணப் படங்களில் வாயில்காப்போனும் செந்தமிழ் பேசுவதுபோல. வீரகதை என்றால் முறுக்கிய மொழி வேண்டும் என்ற எண்ணம் எல்லா நாட்டிலும் இருக்கிறது போலும்.

1990இன் நான்காம் ஆட்டம் ஐந்து அத்தியாயங்களாக அமைந்தது. அதில் ஒரு முழு அத்தியாயம் தொருனேகோ என்ற பருத்த வணிகருக்கு. காலையில் மனைவி கட்டித்தரும் உணவுப்பொதியோடு ஆயுதக் கடைக்கு வேலைக்குப் போய், அன்றாடக் கூலி வாங்கி வருவதில் தொடங்குகிறது அவர் கதை. வீரர்களின் உலகில் கடைச் சிப்பந்திக்கும் காப்பியம் உண்டென்று சொன்ன துணிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் தொடரின் உச்சம் 1992இல் வந்த ஐந்தாம் ஆட்டம் என்பதே என் கருத்து. குழந்தையாகத் தந்தையின் பின்னே நடக்கிறோம். அந்தத் தந்தை பாபஸ் நம் கண்முன் கொல்லப்படுகிறார். பத்தாண்டுகள் அடிமை வாழ்வு. பிறகு விடுதலை, திருமணம். பால்யத் தோழி பியாங்காவா, செல்வர் மகள் ஃப்ளோராவா என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். இரட்டைக் குழந்தைகள் பிறந்ததும் கல்லாகச் சபிக்கப்பட்டு எட்டாண்டுகள் நிற்கிறோம். இத்தனைக்கும் பிறகு, வானுலக வாளை நம்மால் ஏந்த முடியாது. தீர்க்கதரிசனம் சொன்ன வீரன் நாமல்ல, நம் மகன். ஓரிடத்தில் காலத்தில் பின்சென்று, உயிரோடிருக்கும் தந்தையைக் காண்கிறோம். வரப்போவதைச் சொல்லி எச்சரிக்கலாம். அவர் பொருட்படுத்துவதில்லை. அந்தக் காட்சியின் உரையாடலை மாணவர் எனக்கு வரிவரியாகச் சொல்லிக் காட்டினார். சில வரிகளே. நாயகன் அங்கும் பேசுவதில்லை என்பதால் அந்த மௌனத்தை நாம்தான் தாங்கவேண்டியிருக்கிறது.

அதன்பின் இடப்பஞ்சம் நீங்கியது. 2000இல் வந்த ஏழாவது மிக நீண்டது; நீளம் அதன் குறையுமாயிற்று. 2004இன் எட்டாவதில் உலகம் முப்பரிமாணமாயிற்று. 2009இன் ஒன்பதாவது கைக்கருவிக்குச் சென்றது; தெருவில் எதிர்ப்படும் அந்நியரின் கருவியோடு அது தானே தொடர்புகொள்ளும் என்பதால் அகிஹபராவில் மக்கள் கூடிநின்றார்கள். 2012இன் பத்தாவது இணையவழியில். எனிக்ஸ், 2003இலேயே போட்டி நிறுவனமான ஸ்கொயருடன் இணைந்துவிட்டிருந்தது.

சுகியாமாவைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. எனிக்ஸின் சதுரங்க வகை ஆட்டமொன்றுக்குக் கருத்து அஞ்சலட்டை அனுப்பியதால் அழைக்கப்பட்டவர். அப்போதே ஐம்பதைக் கடந்த, பெயர்பெற்ற இசையமைப்பாளர். இரண்டு மூன்று குரல்களே எழுப்பக்கூடிய சில்லில் அரண்மனை இசை எழுதினார். 2021 ஜூலை 23 அன்று தோக்கியோ ஒலிம்பிக் அணிவகுப்பு அவருடைய டிராகன் குவெஸ்ட் முகப்பிசையோடு தொடங்கியது. அதே மனிதர், போர்க்காலத்தில் ஜப்பானிய இராணுவம் பெண்களைப் பாலியல் அடிமைகளாக்கியதை மறுத்து 2007இல் அமெரிக்க நாளிதழில் வெளியான விளம்பரத்தில் கையொப்பமிட்டவர்களில் ஒருவர். ஒன்றைக் கேட்கும்போது மற்றொன்றை மறக்க என்னால் இயலவில்லை. மறக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. அவர் 2021 செப்டம்பரில் மறைந்தார். தோரியாமா 2024 மார்ச் 1 அன்று. ஹோரி சேற்றுக் குவியலாக வரைந்து கொடுத்த ‘ஸ்லைம்’ என்ற அரக்கனை, புன்னகைக்கும் நீர்த்துளியாக்கியவர் தோரியாமா. மூவரில் ஒருவரே எஞ்சினார்.

2017இன் பதினொன்றாவது ஆட்டம் பழைய லோத்தோ கதைகளுக்கும் முந்தைய காலத்தில் நிகழ்வது என்பது முடிவில் தெரியவரும். அதன் ஜப்பானியப் பதிப்பில் மீட்பு மந்திரத்தை ஹோரி மீண்டும் கொண்டுவந்தார். 1986இன் முதல் ஆட்டத்தில் எழுதிவைத்த மந்திரங்களையும் அது ஏற்கும். இதைக் கேட்டதும், கையிலிருந்த தாளை உள்ளிட்டுப் பார்த்தீர்களா என்று மாணவரிடம் கேட்டேன்.

தாளை விளக்கருகே பிடித்துக் காட்டினார். மூன்றாம் கூற்றில் ஓரெழுத்து நீர்பட்டுக் கலைந்திருக்கிறது. ஜப்பானியத்தில் ‘நு’வும் ‘மே’யும் ஏறத்தாழ ஒரே வடிவம், முடிவில் ஒரு சிறு சுழி மட்டும் வேறுபாடு. அந்தச் சுழி இருக்கிறதா இல்லையா என்று இருவரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.